உன் நிக்காஹ் நாளும் என் ஆங்கிலப் பரீட்சையும்

அன்பு மகனுக்கு,

முதலில் ஸலாம், பிறகுதான் சண்டை. உன் நிக்காஹ் திகதியை நான் உன் வாயால் கேட்கவில்லை. நம் குடும்பத்து வட்ஸ்அப் குழுவில், யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூவுக்கும் யாரோ வீட்டுப் பூனைக்குட்டிக்கும் நடுவில் பார்த்தேன். கொழும்பில் மண்டபம் கிடைத்த நாள் அது, உன் லீவுக்குப் பொருந்திய நாள் அது, பெண் வீட்டாருக்கு வசதியான நாள் அது என்று எழுதியிருந்தாய். எல்லோரும் மாஷா அல்லாஹ் போட்டார்கள். நானும் போட்டேன். போட்டுவிட்டு எழுந்து போய்ச் சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்த்தேன். அன்று காலையில்தான் எனக்கு ஓ.எல். என்கிற சாதாரண தர ஆங்கிலப் பரீட்சை. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்தபோது உனக்குத்தான் முதலில் சொன்னேன். சின்னப் பிள்ளை கிறுக்கிய படத்தைப் பார்த்துச் சொல்வதுபோல "நல்லம் உம்மா, நல்லம்" என்று சொன்னாய். திகதியையும் சொன்னேன். நீ மறந்துவிட்டாய்.

நீ குழுவில் அறிவித்தாய், நானும் குழுவிலேயே பதில் சொல்கிறேன். கடிதம் உனக்குத்தான். ஆனாலும் உன் சாச்சியும் மாமாமாரும், வேண்டுமானால் பெண் வீட்டாரும் படிக்கட்டும். கையால் எழுதிப் படம் பிடித்துப் போடுகிறேன். உம்மாவின் எழுத்து விளங்கவில்லை என்று சாட்டுச் சொல்லாமல் பெரிதாக்கிப் படி.

நான் எங்கே, எப்படிப் படிக்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நம் மன்னார்த் தாராபுரத்துப் பாலர் பாடசாலையில்தான் வகுப்பு. சனியும் ஞாயிறும் அஸர் தொழுகைக்குப் பிறகு நடக்கிறது. எல்லோரும் பெண்கள், எல்லோரும் பிள்ளை பெற்றவர்கள், சிலர் பேரப்பிள்ளை கண்டவர்கள். அங்கே இருப்பது நாலு வயதுப் பிள்ளைகள் இருக்கிற குட்டிக் கதிரைகள். உட்கார்ந்தால் முழங்கால் நாடிக்கு வரும். எழும்பும்போது கதிரையும் சேர்ந்து எழும்பும். முதல் நாள் சிரித்துச் சிரித்தே வகுப்பு முடிந்தது. படிப்பிக்கிறது ஜெசிந்தா டீச்சர். ஓலைத்தொடுவாயிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறார், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை, உன்னைவிட வயது குறைவு. எங்களைத் திட்டுவதற்கு வெட்கப்படமாட்டார். எனக்கு அது பிடிக்கும். என் வயதில் யார் இப்போது என்னைத் திட்டுகிறார்கள்? எல்லோரும் "உங்களுக்கு ஏன் இந்தக் கஷ்டம்" என்றுதான் சொல்கிறார்கள். அதைவிடத் திட்டு மேல்.

ஒருநாள் டீச்சர் பலகையில் ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் என்று எழுதினார். பரீட்சையில் வருமோ வராதோ தெரியாது, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும் என்றார். வரப்போகிற ஒரு நேரத்தில் இப்போதே போய் நின்றுகொண்டு, அதற்கு முன்பே ஒரு வேலை முடிந்துவிட்டிருக்கும் என்று சொல்கிற காலம் அது. "ஜும்மா முடிஞ்சு ஆக்கள் வாறதுக்குள்ள நான் சமைச்சு முடிச்சிருப்பன்" என்று எங்களுக்கு ஏற்ற உதாரணம் சொல்லி, ஒவ்வொருவரையும் ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன், பின்னால் இன்ஷா அல்லாஹ் சேர்த்தேன். அடுத்தவளும் சேர்த்தாள். அடுத்தவளும் சேர்த்தாள். வகுப்பு முழுக்க ஒரு சுற்று வந்து முடிந்தபோது டீச்சர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"கதைக்கேக்க சொல்லுங்கோ, ஒண்டுமில்லை. சோதினைப் பேப்பரில எழுதினா வசனம் பிழையெண்டு வெட்டினாலும் வெட்டுவினம்" என்றார்.

என் பக்கத்தில் இருந்த நிஹாராவை உனக்குத் தெரியும். என்னோடு சின்ன வயதிலிருந்து ஒரே வகுப்பு, இப்போது சந்தியில் உடுப்புக் கடை வைத்திருக்கிறாள். அவள் விடவில்லை. "வெட்டினா வெட்டட்டும் டீச்சர். நாளைக்கு இந்நேரம் செஞ்சு முடிச்சிருப்பன் எண்டு சொல்றதுக்கு நான் ஆரு? அல்லாஹ்ட பேரை விட்டுட்டு அப்படி எழுத எனக்குக் கை வராது."

"எங்கட ஆக்களும் கடவுள் சித்தம் எண்டா எண்டு சொல்லித்தான் சொல்லுவினம், ராத்தா. ஆனா புள்ளி போடுறது கடவுள் இல்லையே."

வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. இன்ஷா அல்லாஹ் எழுதாமல் விடலாம் என்று ஒரு கட்சி, எழுதாமல் விட்டால் பாவம் என்று ஒரு கட்சி. வீட்டுக்கு வந்து உன் வாப்பாவிடம் சொன்னேன். அவர் கருவாட்டுக் கட்டுகளுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே தீர்ப்புச் சொன்னார்: "வாயால சொல்லு, கையால எழுது. அல்லாஹ்வுக்குக் காது கேக்கும்." அடுத்த கிழமையிலிருந்து எங்கள் வகுப்பில் அதுதான் சட்டம். பேனையை எடுக்கும் முன் எல்லோரும் வாய்க்குள் ஒருமுறை சொல்லுவோம், பிறகு வசனத்தை மட்டும் எழுதுவோம். டீச்சருக்கும் அது தொற்றிவிட்டது. வீட்டில் தன் அம்மாவிடம் "நாளைக்கு வெள்ளன வந்திடுவன், இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லி ஏச்சு வாங்கினாராம்.

இவ்வளவும் சிரிப்பு. அன்றைக்கு வகுப்பில் சிரிப்பில்லாத ஒன்றும் நடந்தது. டீச்சர் அந்தக் காலத்தைத் தமிழில் விளக்கினார். வந்திருப்பேன், போயிருப்போம், முடிந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். நிஹாரா குட்டிக் கதிரையிலிருந்து நிமிர்ந்து, "இதையா டீச்சர் எங்களுக்குப் படிப்பிக்கிறீங்க? இதுலதானே நாங்க இருவது வருசத்துக்கு மேல சீவிச்சம்" என்றாள். 

நீ கற்பிட்டியில் பிறந்தவன். அகதி முகாமைவிட்டு நாங்கள் வெளியே வந்த காலத்தில்தான் உனக்கு நினைவு தெளிந்தது. ஆகவே உனக்கு அந்த வசனம் தெரியாது. இயக்கம் முஸ்லிம்கள் எல்லோரையும் மன்னார்த் தீவைவிட்டுப் போகச் சொன்ன வருடம் எனக்குப் பரீட்சை வருடம். இதே சாதாரண தரம். என் பாடங்களில் ஆங்கிலம்தான் திறம், வகுப்பில் நிஹாராவைவிட எனக்கு எப்போதும் கூடின புள்ளி. அவள் இன்றைக்கும் இல்லை என்கிறாள், விடு. பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதற்குள் உடுத்த உடுப்போடும் ஒரு பையோடும் கடற்கரைக்கு வந்து வள்ளத்தில் ஏறிவிட்டோம். இறங்கின கற்பிட்டியில் தென்னோலைக் கிடுகுக் கொட்டில். முதல் நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு என் வாப்பா, உனக்கு மூத்தவாப்பா, எங்களை இருத்தி வைத்துச் சொன்னார்: "பயப்பிடாதீங்க. அடுத்த நோன்புக்கு ஊருக்குப் போயிருப்பம், இன்ஷா அல்லாஹ்." அடுத்த நோன்பு வந்தது. அதே கொட்டில், அதே கஞ்சி, அதே வசனம். கிடுகு மாற்றினோம், வசனத்தை மாற்றவில்லை. முகாம் முழுவதும் எல்லா வாப்பாமாரும் அதையே சொன்னார்கள். போயிருப்பம், கட்டியிருப்பம், பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருப்பாள். என் வாப்பா புத்தளத்தில்தான் மௌத்தானார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைகளுக்குக் கொடுக்க அவரிடம் சோறு குறைவாக இருந்தது, அதனால் அந்த வசனத்தைக் கொடுத்தார். அது இல்லாவிட்டால் என் உம்மா கடலில் இறங்கியிருப்பா.

நிஹாரா சொல்லி முடித்ததும் டீச்சர் மெல்லச் சொன்னார்: "எங்கட அம்மாவும் சண்டைக்குள்ள மடு மாதா கோயில் வளவுக்குள்ள தறப்பாளுக்குக் கீழ இருந்து இதைத்தான் சொன்னவ. நத்தாருக்கு வீட்ட போயிருப்பம் எண்டு." பிறகு பலகையை அழித்துவிட்டு, "இண்டைக்கு இது காணும்" என்றார். வெளியே வந்து நிஹாராவும் நானும் நடந்தோம். எனக்கு அழுகை வரவில்லை, மகன். கோபம் வந்தது. நல்ல கோபம். இத்தனை வருடமும் மற்றவர்கள் முடித்திருப்பார்கள், மற்றவர்கள் போயிருப்பார்கள் என்றே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பெயரை வைத்து அப்படி ஒரு வசனம் நான் சொன்னதே இல்லை.

நம்பாவிட்டால் யோசித்துப் பார். கலியாணம் முடிந்த புதிதில் தனியாகப் படித்து எழுதப் போகிறேன் என்றேன். பிள்ளை பிறந்து வளர்ந்திருக்கட்டும், பிறகு எழுதலாம் என்றார்கள். பிள்ளை நீதான். நீ வளர்ந்தாய், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வந்தது. அது முடிந்திருக்கட்டும் என்றார்கள். உனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதற்கு மட்டும் என் ஆங்கிலம் போதுமாக இருந்தது. பிறகு ஊருக்குத் திரும்பினோம். கூரையில்லாத வீடு, முற்றமெல்லாம் உடைமரம். வீடு கட்டி முடிந்திருக்கட்டும் என்றார்கள். பிறகு உன் உயர்தரம், பிறகு உன் கம்பஸ், பிறகு உன் வேலை. ஒவ்வொரு தடவையும் சரி என்று சொன்னேன். இப்போது உன் கலியாணம். "சோதினை எங்கயும் ஓடாது உம்மா, அடுத்த வருசம் எழுதலாம்தானே" என்று நீ தொலைபேசியில் சொன்னபோது உன் வாப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். "கலியாணமும் எங்கயும் ஓடாது எண்டு சொல்லு" என்றார். உனக்குக் கேட்டிருக்கும். நீ கேட்காத மாதிரி இருந்தாய்.

இந்த மாதிரிக் கடிதங்களில் பெற்றவர்கள் நடுவில் ஓர் இடத்தில் நின்று, நான் உனக்கு இன்னின்ன குறை வைத்தேன், மன்னித்துக்கொள் என்று எழுதுவார்கள். அந்த இடம் வந்துவிட்டது. நான் எழுதப் போவதில்லை. உனக்கு நான் குறை வைக்கவில்லை. எனக்குத்தான் வைத்தேன். அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் உனக்கு ஒரு புத்தி சொல்ல வேண்டும், கலியாணம் செய்யப் போகிறவன் என்பதால். பெண் பார்க்க ஸப்ரினா வீட்டுக்குப் போனோமே, அன்றைக்கு நடந்ததை மறந்திருக்கமாட்டாய். உட்கார்ந்தால் உள்ளே இழுக்கிற சோபா செட்டி, கண்ணாடி மேசை, பால் தேத்தண்ணி. அவளுடைய உம்மா நல்ல மனுசி, குறையில்லை. தன் தங்கையிடம் ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னா, பாவம், தூரத்திலிருந்து வந்த மனுசி, நல்லாக் களைத்துப் போயிருப்பா என்று. உடனே நீ முந்திக்கொண்டு, "உம்மாக்கு இங்கிலீஷ் விளங்காது ஆன்ட்டி, நான் சொல்றன்" என்றாய். என் பக்கம் திரும்பி, "உம்மா, அவங்க உங்களைக் கண்டது சந்தோசமாம்" என்று தொடங்கினாய். நீ முடிக்கும் முன்பே நான் அந்த மனுசியைப் பார்த்து, "களைப்பு ஒண்டும் இல்லைங்கோ, வேனில நல்லா நித்திரை கொண்டுட்டுத்தான் வந்தனான்" என்று சொல்லிவிட்டேன்.  ஸப்ரினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துப் போய்விட்டது.

திரும்பி வரும்போது வேனுக்குள் நீ என்னோடு கோபித்தாய். "ஏன் உம்மா இப்படி? எனக்குத்தான் வெக்கமாப் போச்சு." எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது மகன், ஆனால் அது உன்னை நினைத்து. விளங்காது என்று நீ சொன்னதில் எனக்குக் கோபமில்லை. என்னைக் கேட்காமல் சொன்னாயே, அதில்தான் கோபம். புத்தி இதுதான்: உன் பெண்சாதிக்காக நீ பேசாதே. அவளுக்கு என்ன விளங்கும், என்ன விளங்காது, அவளால் என்ன முடியும் என்று சபையில் நீ தீர்ப்புச் சொல்லாதே. அவள் ஏதாவது படிக்க வேண்டும், செய்ய வேண்டும் என்று வந்து கேட்டால், இது முடிந்திருக்கட்டும், அது முடிந்திருக்கட்டும் என்று தள்ளிப்போடாதே. தள்ளிப்போட்டால் அவளும் ஒருநாள் குட்டிக் கதிரையில் முழங்காலை மடக்கிக்கொண்டு இருப்பாள். உன் பிள்ளை அவளைப் பார்த்து நல்லம் உம்மா, நல்லம் என்று சொல்லும்.

இப்போது திகதிக்கு வருகிறேன். மண்டபத்தை மாற்றச் சொல்லமாட்டேன், பெண் வீட்டாரை அலைக்கழிக்கமாட்டேன். நிக்காஹ் காலையில் கொழும்புப் பள்ளிவாசலில், விருந்து இரவு மண்டபத்தில், அப்படித்தானே? எனக்கு ஒன்று சொல்லு. நம் ஊரில் எந்த மாப்பிள்ளையின் உம்மா நிக்காஹ் நேரத்தில் பள்ளிவாசலுக்குள் நின்றிருக்கிறா? உன் வாப்பாவும் நானும் கலியாணம் முடித்தபோது என் மாமியா எங்கே இருந்தா, நான் எங்கே இருந்தேன்? அவ அடுப்படியில் பலகாரத் தட்டுகளுக்குத் துணி மூடிக்கொண்டிருந்தா. நான் உள் அறையில் மருதோன்றிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெளியே யாராவது வந்து முடிந்துவிட்டது என்று சொல்லுவார்களா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெண்களுக்கு நிக்காஹ் என்பது வெளியிலிருந்து வருகிற செய்திதான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன். அன்று காலை நான் கொழும்பில் இருந்தாலும் உன் கண்ணுக்குத் தெரியப் போவதில்லை. உன் சாச்சியோடு ஒரு அறையில் இருந்து பூமாலைக்கும் பேரீச்சம்பழத்துக்கும் காவல் இருப்பேன். அந்த வேலையைச் செய்ய நம் குடும்பத்தில் பத்துப் பேர் இருக்கிறார்கள். என் பரீட்சையை எழுத நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

உன் வாப்பா முதல்நாளே உன்னோடு வந்துவிடுவார், பள்ளிவாசலில் உனக்குப் பக்கத்தில் இருப்பார். எனக்கு நிஹாராவின் தம்பி வேன் பிடித்துத் தருகிறான். மன்னாரில் பரீட்சை முடிந்ததும் பள்ளிக்கூட வாசலிலிருந்தே ஏறுவேன். புத்தளத்தில் உன் சாச்சியின் வீட்டுத் திறப்பை வாங்கி வைத்திருக்கிறேன், அங்கே முகம் கழுவிச் சாரி மாற்றுவேன், ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுவேன். இரவு இஷாத் தொழுகை நேரத்துக்குக் கொழும்பில் நிற்பேன். நிஹாராவும் எழுதுகிறாள், அவளும் கூட வருகிறாள், வழி முழுக்க விடை சரியா பிழையா என்று என் உயிரை எடுப்பாள். உனக்கு ஒரு நல்ல செய்தி, மண்டபத்துக்கு வரும்போது எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை பிடிக்கத் தெம்பிருக்காது.

இதையெல்லாம் நேற்று உனக்கு விளக்கமாகச் சொன்னேன்.  சரி என்று மட்டும் சொல்லுவாய் என்று நினைத்தேன். நீ சொன்னாய்: "சரி உம்மா, எழுதுங்க. அவங்க கேட்டா, உங்களுக்குப் பிரஷர் கூடிட்டு, அதான் பிந்தி வாறீங்க எண்டு நான் சொல்லிச் சமாளிக்கிறன்."

இந்தக் கடிதம் அதற்குத்தான். எழுதாதே என்று நீ பிடிவாதம் பிடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு நோகாது. அது சண்டை, சண்டை எனக்குப் பழக்கம். நீ எனக்கு அனுமதி தந்துவிட்டு என்னை நோயாளியாக்கப் பார்க்கிறாய். ஒரு கிழவி கட்டிலில் கிடந்தாள் என்றால் சபைக்கு மரியாதை, ஒரு கிழவி பரீட்சை எழுதினாள் என்றால் சபைக்குச் சிரிப்பு, அப்படியா? ஊரைவிட்டுப் போகும்போது நான் தலை குனிந்து போனேன், அன்றைக்கு வேறு வழியில்லை. மிச்சத்துக்கெல்லாம் தலை குனிய எனக்கு வயதும் இல்லை, நேரமும் இல்லை. நான் திருடப் போகவில்லை மகன். பெயிலாகினாலும் பரவாயில்லை, பெயில் என்று வருகிற முடிவு என் பெயருக்குத்தான் வரும். இல்லாத நோயைச் சொன்னால் அதுகூட எனக்கு இருக்காது.

அன்று காலை அவர்கள் கேட்பார்கள், நிச்சயமாகக் கேட்பார்கள். பூமாலை போடும்போதோ கை கொடுக்கும்போதோ யாராவது ஒருவர் உன்னிடம், மாப்பிள்ளையின் உம்மாவைக் காணவில்லையே என்பார். உனக்கு நாக்குக் கொஞ்சம் தடுமாறும், தடுமாறட்டும். எனக்குப் பிரஷர் இல்லை, சீனி வருத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. "உம்மா மன்னாரில ஓ.எல். சோதினை எழுதுறா, இரவைக்கு வாறா" என்று சொல்லு. அவர் காதுக்குள் குசுகுசுக்காதே. பள்ளிவாசலின் கடைசி வரிசையில் இருக்கிறவருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லு.

உன் உம்மா